கையெழுத்துப் போட்டவர்

கல்விக்கடன் என்றதும் எங்கள் சிவகங்கை மாவட்டத்துக்காரர்களுக்குப் பந்தலும் சேர்ந்தேதான் ஞாபகம் வரும். ப.சிதம்பரம் 2004-லிருந்து 2008 வரை நிதியமைச்சராக இருந்தபோது தொகுதியில் புதுப் புதுக் கிளைகள் திறந்தார்கள். திறந்த கையோடு கடன் மேளா. கல்யாண மண்டபத்தில் மைக் கட்டி, மேடையில் வங்கி அதிகாரிகளை உட்காரவைத்து, பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். மேடையேறிக் கவரை வாங்கிக்கொண்டு, போட்டோவுக்கு நின்றுவிட்டு இறங்கவேண்டும். நான் வாங்கியது 2009-ல். அதற்குள் அவர் உள்துறைக்குப் போய்விட்டார். மேளா மட்டும் நின்றபாடில்லை.

கவருக்குள் இருந்தது கடன் அனுமதிக் கடிதம். கூட்டத்தில் பாதிப் பேர் அதைச் செக் என்று நினைத்துப் பிரித்துப் பார்த்தார்கள். "அரசாங்கமே படிக்கவைக்குது" என்று பக்கத்தில் ஒரு பெரியம்மா கண்கலங்கினார். அந்த மேடையைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். கடன் கொடுப்பவர் மாலை மரியாதையோடு கொடுத்து எங்கள் ஊர் பார்த்ததில்லை.

இந்தக் கடனுக்கான விதிகளை இந்திய வங்கிகள் சங்கம் 2001-லேயே வகுத்திருந்தது. 4 லட்சம் வரை சொத்து அடமானம் வேண்டாம், வெளியாள் ஜாமீன் வேண்டாம். படிக்கிற காலத்தில் தவணை கிடையாது. முடித்து ஓராண்டு, அல்லது வேலை கிடைத்து ஆறு மாதம், இதில் எது முந்துகிறதோ அதிலிருந்து கட்டத் தொடங்கினால் போதும். ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு அப்போது வேறு எதுவும் இல்லை. இதை இன்றைக்கும் சொல்வேன். அடமானம் கேட்டிருந்தால் நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்திருக்கவே மாட்டேன். அப்பாவிடம் இருந்தது சிங்கம்புணரிப் பக்கம் ஒரு மாவு மில், அதுவும் வாடகை இடத்தில்.

ஒரே ஒரு நிபந்தனை, பெற்றோரில் ஒருவர் கூடக் கையெழுத்துப் போடவேண்டும். அப்பா போட்டார். எட்டாவது வரை படித்தவர். இனிஷியலோடு தமிழில், ஒவ்வொரு எழுத்தாக, அவசரமில்லாமல் போடுவார். ஃபீல்டு ஆபீசர் பக்கத்தைப் புரட்டப் புரட்ட, பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடங்களிலெல்லாம் போட்டுக்கொண்டே வந்தார். ரேங்க் கார்டில் போடுகிற கையெழுத்துப் போலத்தான் அவருக்கு அது. படிக்கிற பிள்ளைக்கு அப்பன் நான்தான் என்று ஒரு சாட்சி. படிவத்தில் அவரைக் கூட்டுக் கடன்தாரர் என்று எழுதியிருந்தது. அதாவது என் கடன் முழுக்க அவருடைய கடனும்கூட. வாசித்துக் காட்ட ஆளில்லை என்று சொல்ல முடியாது, நானே பக்கத்தில்தான் நின்றேன். ஆனால் அந்தப் படிவத்தை முழுக்க வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவர் அந்தக் கிளையில் அன்று யாரும் இருந்ததாக நான் நம்பவில்லை, வங்கிக்காரர்கள் உட்பட.

ஆண்டுக்கு 60,000 வீதம் நான்கு ஆண்டும் சேர்த்து 2,40,000 ரூபாய். எனக்கு அடுத்த ஆண்டு சேர்ந்தவர்களுக்கு முதல் தலைமுறைப் பட்டதாரி என்று மாநில அரசு கல்விக் கட்டணத்தில் 20,000 கழித்துக்கொடுத்தது. ஓராண்டு பிந்திப் பிறந்திருக்கக் கூடாதா என்று அம்மா அதை வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

2013-ல் படிப்பு முடிந்தது. அந்த ஆண்டு எங்கள் கல்லூரிக்கு வந்த கம்பெனிகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஓராண்டு ஊரிலேயே டியூஷன் எடுத்தேன். 2014-ல் சென்னையில் ஒரு பிபிஓ வேலை, கைக்கு 9,000. வேளச்சேரியில் ஹாஸ்டலுக்குச் சாப்பாட்டோடு 4,500. அந்த நேரத்தில்தான் வங்கியிலிருந்து ஊருக்குக் கடிதம் போனது. 12 சதவீத வட்டி ஐந்து ஆண்டில் ஒரு லட்சத்துச் சொச்சமாகி அசலோடு சேர்ந்து 3,40,000-ஐத் தொட்டிருந்தது. மாதத் தவணை 6,000.

சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. என் வகுப்பில் கடன் வாங்கிய எல்லோருக்கும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். ஐந்து ஆண்டு முன்னால் கவர் கொடுத்தபோது, படித்து முடித்ததும் இருபத்தைந்தாயிரம் சம்பளம் நிச்சயம் என்று எல்லோரும் கணக்குப் போட்டிருந்தார்கள். தமிழ்நாட்டில் அப்போது ஐந்நூற்றுக்கும் மேல் பொறியியல் கல்லூரிகள். அத்தனை பேருக்கும் அந்தச் சம்பளம் கொடுக்க யார் இருந்தார்கள்?

முடிந்ததைக் கட்டுவோம் என்று மாதம் 2,000 அனுப்பினேன். அப்பா அதோடு தன் பங்குக்கு 500, சில மாதம் 1,000 சேர்த்துக் கட்டுவார். கவுண்டரில் வாங்கிக்கொண்டு செலானில் முத்திரை குத்திக் கொடுப்பார்கள். "கட்டுறதைக் கட்டிட்டு வாங்க பெரியவரே, உங்களை மாதிரி எல்லாரும் கட்டுனா எங்களுக்கு ஏன் தலைவலி" என்று ஒரு மேனேஜர் பாராட்டக்கூடச் செய்தாராம். அப்பா அதைப் போனில் பெருமையாகச் சொன்னார். செலான் அடிக்கட்டைகளை ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தார். மாவுக் கை பட்டு எல்லாம் வெளிறிப்போயிருக்கும்.

ஊரில் வேறு யோசனையும் சொன்னார்கள். "தேர்தல் வருது, தள்ளுபடி பண்ணிருவாங்க. கட்டுறவந்தான் ஏமாளி." விவசாயக் கடன் 2008-ல் தள்ளுபடியானதைப் பார்த்த ஊர், அந்த நம்பிக்கையைக் குறைசொல்ல மாட்டேன். கட்சிகளும் வாக்குறுதி கொடுத்துக்கொண்டுதான் இருந்தன. அதை நம்பி ஒரு ரூபாய்கூடக் கட்டாமல் உட்கார்ந்திருந்த குடும்பங்கள் எனக்குத் தெரியும். பின்னால் பார்த்தால் அவர்களும் நாங்களும் ஒரே இடத்தில்தான் வந்து நின்றோம். அதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை.

2017-ல் மில் மோட்டார் காயில் கருகிப்போனது. திரும்பக் காயில் கட்டி ஓட்டியதுதான். இனித் தாங்காது, புதுசு போடுங்கள் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். கூடவே மிளகாய் அரைக்கத் தனி மெஷின் ஒன்றும் போட்டால் நல்லது என்று அப்பாவுக்கு வெகுநாள் ஆசை. முத்ரா திட்டம் வந்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. அதில் கிஷோர் என்கிற பிரிவில் 50,000-க்கு மேல் 5 லட்சம் வரை கொடுப்பார்கள். அப்பா ஒன்றரை லட்சம் கேட்டு, கொட்டேஷனோடு வேறொரு வங்கிக்குப் போனார். நான் லீவில் வந்திருந்தேன், கூடப் போனேன்.

அந்த அதிகாரி சின்னப் பையன், தஞ்சாவூர்ப் பேச்சு. பான் எண்ணைத் தட்டிவிட்டு ஸ்க்ரீனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஐயா, உங்க பேர்ல ஒரு கல்விக்கடன் வாராக்கடனா இருக்கே?" என்றார்.

"அது பாப்பா பேர்ல சார்."

"உங்க பேர்லயும்தான் ஐயா."

ஸ்க்ரீனை எங்கள் பக்கம் திருப்பினார். செய்யவேண்டிய அவசியம் அவருக்கு இல்லை, ஆனாலும் செய்தார். மாதத்துக்கு ஒரு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் தவணை எத்தனை நாள் பிந்தியிருக்கிறது என்று ஓர் எண். முதலில் 000. பிறகு 30, 60 என்று ஏறி, 90-ஐத் தாண்டியதும் எண்ணுக்குப் பதில் மூன்று எழுத்துகள். முதலில் தரம் குறைந்த கடன் என்பதற்கான குறி, ஓராண்டு கழித்துச் சந்தேகத்துக்குரிய கடன் என்பதற்கான குறி. அதன் பிறகு எல்லாக் கட்டங்களிலும் அதே குறி, வரிசையாக. அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டு அதையே பார்த்தார். 300-லிருந்து 900 வரை போகிற மதிப்பெண்ணில் அவருக்கு 500-ஐ ஒட்டி ஏதோ கிடைத்திருந்தது.

"நாங்க மாசாமாசம் கட்டுறோம் சார்" என்று பிளாஸ்டிக் கவரை எடுத்தார். கொண்டுவந்திருந்தார்! கடன் கேட்கப் போகிற இடத்துக்குக் கடன் கட்டிய ரசீதோடு வந்திருந்தார், இதைவிட நல்ல சான்று என்ன இருக்கிறது என்று.

அந்தப் பையன் செலான்களை எடுத்துப் பார்த்தார். "கட்டியிருக்கீங்க ஐயா, நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா தவணை 6,000. நீங்க கட்டுனது ரெண்டாயிரத்து ஐந்நூறு, மூவாயிரம். மீதி நிலுவை ஏறிக்கிட்டே போகும். மிஷினுக்கு முழுசாக் கட்டுனீங்களா, இல்லையா, அவ்வளவுதான் தெரியும்."

பாதி கட்டியவனுக்கும் ஒன்றுமே கட்டாதவனுக்கும் அந்தக் கட்டத்தில் ஒரே குறி. இது நியாயமா என்று கேட்டால், வங்கிக்காரர்கள் விதி அப்படி என்பார்கள். 90 நாள் நிலுவை என்றால் வாராக்கடன், அது ரிசர்வ் வங்கி வைத்த கோடு. சரி, கோடு இருக்கட்டும். வாங்கி முத்திரை குத்தியபோது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித்துக் கேளுங்கள் என்று. அதற்கும் வழி இருந்தது. கேட்டால் செய்திருப்பார்கள், கேட்கவேண்டும் என்று தெரிந்தவர்களுக்கு மட்டும். அந்த ஸ்க்ரீனில் வந்த மாதிரிக் கடன் பதிவுகளைச் சேர்த்துவைக்கிற சிபில் நிறுவனம் 2000-லேயே தொடங்கியாயிற்று. கடன் தகவல் நிறுவனங்களுக்கென்று 2005-ல் சட்டமும் வந்தாயிற்று. மேளாவில் மைக் பிடித்த யாருக்கும் அது தெரியாமல் இருந்திருக்காது. என் காதில் அந்தப் பெயர் விழுந்தது அன்றைக்குத்தான்.

வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்ததும் அப்பா கேட்டது ஒன்றே ஒன்று. "இது நம்ம ஊர் பேங்குக்கும் தெரியுமா?" எல்லா வங்கிக்கும் தெரியும் என்றேன். மில்லில் அரைப்பு பாக்கிக்கு அப்பாவிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு உண்டு. அதில் யார் பெயர் இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரருக்குக் காட்ட மாட்டார். பாக்கிக்காரர் கடையில் நிற்கும்போது நோட்டையே திறக்க மாட்டார்.

மோட்டார் வந்தது, அம்மாவின் செயின் போனது. நகைக்கடனுக்கு யாரும் சிபில் பார்ப்பதில்லை என்று அடகுக்கடைக்காரர் ஆறுதல் சொன்னார். மிளகாய் மெஷின் வரவில்லை.

சென்னைக்குத் திரும்பியதும் கணக்கைத் தோண்ட ஆரம்பித்தேன். எங்களுக்கு வரவேண்டியது ஒன்று வராமல் இருந்தது. 2009 ஏப்ரலிலிருந்து கடன் வாங்கிய, ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்கு உட்பட்ட குடும்பங்களுக்குப் படிப்புக் காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்கும். 2014 இடைக்கால பட்ஜெட்டில் சிதம்பரம் பழைய கடன்களின் வட்டிக்கு ஒரு சலுகை அறிவித்தபோது, அப்பா பேப்பரைக் கத்தரித்துக்கொண்டு வங்கிக்குப் போயிருக்கிறார். அது 2009 மார்ச் வரை வாங்கியவர்களுக்கு, உங்களுக்கு வேற திட்டம் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அந்த வேற திட்டத்தின்படி எங்கள் கணக்கில் எவ்வளவு வந்தது என்று யாரும் பார்க்கவில்லை. வரவே இல்லை. தாசில்தார் கையெழுத்திட்ட வருமானச் சான்றை அப்பா கொடுத்திருந்தார். கிளையில் ஃபைலில் இல்லை. மறுபடி விஏஓ, ஆர்ஐ, தாலுகா ஆபீஸ். மனு மேல் மனு. கடைசியில் வரவேண்டியதில் ஒரு பகுதி வரவாயிற்று. அது உரிய காலத்தில் வந்திருந்தால் தவணை நாலாயிரத்துச் சொச்சத்தில் நின்றிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்போதும் என்னால் முழுசாகக் கட்டியிருக்க முடியாது. ஆனால் நாலாயிரத்துக்காக என்றால் அப்பா ஏதாவது செய்திருப்பார்.

இதற்கிடையில் வசூல் ஏஜெண்டுகளின் போன். ஆபீஸ் நேரத்தில், ஹெட்செட்டைக் கழற்ற முடியாத வேளையில்தான் வரும். சில ஊர்களில் கடன் கட்டாத மாணவர்களின் படத்தைப் பிளெக்ஸ் அடித்துக் கிளை வாசலில் கட்டிய செய்தி பத்திரிகைகளில் வந்திருந்தது. 2016-ல் மதுரையில் ஒரு பொறியியல் பட்டதாரி உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய கல்விக்கடன் தனியார் நிறுவனமொன்றுக்கு விற்கப்பட்டு, வசூலுக்கு ஆட்கள் வந்து நின்ற பிறகு. அந்தச் செய்தி வந்த வாரம் முழுக்க அம்மா தினமும் ராத்திரி போன் செய்தாள். கடனைப் பற்றிப் பேச மாட்டாள். சாப்பிட்டியா, ரூம்ல கூட யாரு இருக்கா, லைட்டை அணைச்சுட்டியா.

மக்கள் நீதிமன்றத்துக்கு வரச்சொல்லி ஒருமுறை நோட்டீஸ் வந்தது. மொத்தத்தில் கணிசமாகத் தள்ளிக் கொடுத்து, மீதியை ஒரே தடவையில் கட்டினால் முடித்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அப்பா சரியென்று தலையாட்டத் தயாராக இருந்தார். அங்கே சமரசத்துக்காக வந்து உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற வங்கிக்காரர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இப்படிக் கட்டுனா ரிப்போர்ட்டுல 'செட்டில்டு'ன்னு விழும்மா. முழுசாக் கட்டுனா 'குளோஸ்டு'. ரெண்டும் ஒண்ணில்ல. செட்டில்டைப் பார்த்தா நாளைக்கு எவனும் லோன் தர யோசிப்பான். உனக்கு வயசிருக்கு, அப்பாவுக்குத் தொழில் இருக்கு." அந்தப் பதிவு ஏழு ஆண்டுக்குக் குறையாமல் கிடக்கும் என்றும் சொன்னார். அத்தனை ஆண்டில் வங்கித் தரப்பிலிருந்து எங்களுக்குக் கிடைத்த ஒரே உருப்படியான யோசனை அது, அதுவும் ஓய்வுபெற்றவரிடமிருந்து. நாங்கள் கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டோம்.

என்னோடு படித்த தோழி வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். எழுத்துத் தேர்வில் நன்றாகவே வருவாள். கடன் பாக்கியோ சிபிலில் கெட்ட பதிவோ இருப்பவர்கள் நியமனத்துக்குத் தகுதியற்றவர்கள் என்று அறிவிக்கையில் ஒரு வரி இருந்தது. கடனை அடைக்க வேலை வேண்டும், வேலைக்குக் கடன் அடைந்திருக்கவேண்டும். அவள் சிரித்துக்கொண்டே டிஎன்பிஎஸ்சி பக்கம் போய்விட்டாள். சிபில் பதிவைக் காரணம் காட்டி ஒருவரின் நியமனத்தை வங்கி ரத்து செய்தது செல்லும் என்று 2025-ல் சென்னை உயர் நீதிமன்றமே தீர்ப்பளித்தது. எல்லாக் கடனையும் முன்பே அடைத்துவிட்டேன் என்று அவர் வாதாடியும். அடுத்தவர் பணத்தைக் கையாளுகிறவர் ஒழுங்காக இருக்கவேண்டும் என்பது புரிகிறது. இருபத்திரண்டு வயதில் சம்பளம் குறைவாக இருந்ததை ஒழுங்கீனம் என்று எழுதிவைப்பதுதான் எனக்குப் புரியவில்லை.

பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டதைப் பற்றி ஒரே வரி: "எஜுகேஷன் லோன் இருக்காமே?"

தங்கைக்கு 2018-ல் மதுரையில் பி.எஸ்சி. நர்சிங் இடம் கிடைத்தது. வித்யாலட்சுமி இணையதளத்தில் மூன்று வங்கிகளுக்கு ஒரே விண்ணப்பத்தில் கேட்க முடிந்தது, கேட்டோம். கூட்டுக் கடன்தாரர் என்ற இடத்தில் அப்பா பெயர். ஒரு வங்கி உடனே நிராகரித்தது, இன்னொன்று பதிலே சொல்லவில்லை. படிக்கப் போகிறவள் மூன்றாமவள் மாதிரி நின்றுகொண்டிருந்தாள். அவள் ஒரு ரூபாய் கடன் வாங்கியதில்லை. அக்காவின் கடனுக்கு அப்பா போட்ட கையெழுத்து அவள் சீட்டைத் தடுத்தது. கல்விக்கடன் கேட்கிற மாணவருக்குச் சிபில் மதிப்பெண் குறைவு என்பதற்காக மறுக்கக் கூடாது என்று 2023-ல் கேரள உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. எங்களுக்கு அது ஐந்து ஆண்டு பிந்திய செய்தி.

மூன்றாவது வங்கியின் மேனேஜர் ஒரு அம்மையார். அப்பாவின் அறிக்கையைப் பார்த்துவிட்டு, "அம்மா இருக்காங்கல்ல, அவங்களைப் போட்டுப் பார்ப்போம்" என்றார். அம்மாவின் பெயரைத் தட்டினார்கள். எதுவுமே வரவில்லை. கடன் வரலாறு இல்லாதவர்களுக்கு மதிப்பெண்ணே கிடையாது.

எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகளிர் குழுவில் அம்மா வாங்கி அடைக்காத கடனா? ஆட்டுக்கு, தையல் மெஷினுக்கு, எனக்குச் செமஸ்டர் ஃபீஸ் பத்தாதபோது. கட்டத் தவறிய உறுப்பினர்கள் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்து வசூல் செய்துகொண்டு வருகிற தலைவி அவள். எல்லாம் குழுவின் பெயரில் நடந்ததால், தனியாள் கணக்கில் அவள் கடனே பார்த்திராத மனுஷி. கணவன் பதிவு அழுக்கு, மனைவி பதிவு வெள்ளைத்தாள். வெள்ளைத்தாளுக்குக் கடன் கிடைத்தது.

அடுத்த ஆண்டு எனக்கு சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை கிடைத்து, சம்பளம் இருபதாயிரத்தைத் தாண்டியது. சீட்டு ஒன்றையும் தள்ளி எடுத்து, 2020 தொடக்கத்தில், கொரோனாவுக்குச் சற்று முன்னால், முழுசாகக் கட்டி முடித்தேன். நோ டியூஸ் கடிதத்தை அப்பா லேமினேட் செய்யச் சொன்னார். ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாக அறிக்கை பார்த்துக்கொள்ளலாம் என்று 2017-லிருந்து விதி இருக்கிறது. சில மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால் கடன் இன்னும் உயிரோடு இருந்தது, நிலுவைத் தொகையோடு. ஆன்லைனில் புகார் போட்டு, கிளைக்கு அலைந்து திருத்தியாயிற்று. இப்போது 30 நாளுக்குள் திருத்தாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் நமக்குத் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அப்போது அப்படியெல்லாம் கிடையாது. 'குளோஸ்டு' என்று விழுந்த பிறகும் பழைய கட்டங்கள் அழியவில்லை. அவை அங்கேயே இருக்க, புதுக் கட்டங்கள் சேரச் சேர மதிப்பெண் மெல்ல ஏறியது.

அப்பா அதன் பிறகு எந்த வங்கியிலும் கடன் கேட்கவில்லை. இப்போது அவருக்கே போன் வருகிறது, உங்களுக்குத் தனிநபர் கடன் தயாராக இருக்கிறது என்று. பேசுகிற பெண் பிள்ளையிடம் ஊர் எது, என்ன படித்திருக்கிறாய், படிப்புக்கு லோன் வாங்கினாயா என்று விசாரித்துவிட்டு வைத்துவிடுவார்.

தங்கை மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். அவளுடைய கடன் தவணை மாதம் 5-ந் தேதி கணக்கிலிருந்து தானாகப் போய்விடும். ஆனாலும் 3-ந் தேதியே அம்மாவின் போன் வந்துவிடும், நைட் டூட்டியானாலும் சரி. "பணம் போட்டாச்சாடி? அதுல எம்பேரு இருக்கு."

"போட்டாச்சும்மா."

"எவ்வளவு போட்ட?"

"முழுசா."

"ஸ்க்ரீன்ஷாட் அனுப்பு."